காற்றுக்குக் கப்பல் வேண்டாம்!

2012-ம் ஆண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகள் மின்வெட்டால் திண்டாடின. கரண்ட் போனால் எந்திரம் நிற்கும். தொழிலாளியின் ஓவர்டைம் காசும் நிற்கும். டீசல் ஜெனரேட்டர் வைத்து ஓட்டினார்கள். செலவோ அதிகம், புகையோ சொல்லி முடியாது!

டீசல் எங்கிருந்து வருகிறது? நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் இன்று நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு.

எண்ணெய்க் கப்பல் வராவிட்டால்?

இலங்கையைப் பாருங்கள். 2022-ல் அங்கே எண்ணெய் வாங்க டாலர் இல்லை. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு! தமிழர்கள் பிள்ளைகுட்டிகளோடு படகேறி தனுஷ்கோடிக்கு வந்தார்கள். கொதித்த மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சே நாட்டை விட்டே ஓடினார்.

பூமி சூடாகாமல் இருக்கக் காற்றாலை வேண்டும் என்கிறது அரசாங்கம். பட்டறைக்காரருக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றுக்கு டாலர் தரவேண்டாம்.

ஆனால் ஒரு சங்கடம்! ஆடியில் அடிக்கும் காற்று ஐப்பசியில் படுத்துவிடும். அப்போது வெளிமாநில மின்சாரம் வேண்டும். அதற்குப் போதிய கம்பி இல்லை. 2013 டிசம்பர் 31-ந் தேதிதான் கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மராட்டியத்தின் சோலாப்பூரையும் சேர்த்துப் பெரிய மின்பாதை ஓடியது. தெற்கும் வடக்கும் ஒரே மின்தொகுப்பு ஆயின.

இரவு ஷிப்டுக்கு இன்னும் நிலக்கரியை நம்பித்தான் இருக்கிறோம். அந்த நிலக்கரி ஒடிசாவில் இருந்து எண்ணூருக்குக் கப்பலில் வருகிறது.