எக்ஸெல்ல கூட்டுத்தொகை ஏன் குறையுது? கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைப் பிடிப்பது எப்படி?

மாசக் கடைசியில பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸ்ல பேஸ்ட் பண்ணி செலவைக் கூட்டிப் பார்ப்பவரா நீங்க? இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். சம்பளம் 32,000 ரூபாய். வாடகை 9,500, மளிகை 4,200, பெட்ரோல் 2,300, பைக் இஎம்ஐ 3,800. மொத்தச் செலவு 19,800 வரணும். ஆனா சம் ஃபார்முலா 10,300-னு காட்டுது. வாடகையை அது சேர்க்கவே இல்லை, எர்ரரும் காட்டலை. 21,700 மிஞ்சுதுன்னு நம்பி 15,000-க்கு எஸ்ஐபி போட்டா என்ன ஆகும்? உண்மையில மிஞ்சுறது 12,200 தான். ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆகும், பேங்க் அதுக்குத் தனியா சார்ஜ் பிடிக்கலாம்.

காரணம் என்ன?
வெப் பக்கத்துல இருந்து காப்பி பண்ணும்போது மறைஞ்சிருக்கிற எழுத்துகளும் ஒட்டிக்கிட்டு வரும். முக்கியமா ரெண்டு: நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் (யுனிகோட் எண் 160), ஜீரோ-விட்த் ஸ்பேஸ் (எண் 8203). இதுல ஒண்ணு ஒட்டினாலே அந்தத் தொகை டெக்ஸ்ட் ஆயிடும். சம் ஃபார்முலா டெக்ஸ்டைக் கண்டுக்காம தாண்டிப் போயிடும்.

கண்டுபிடிப்பது எப்படி?
1. கவுன்ட்-ஏ காலியா இல்லாத எல்லா செல்லையும் எண்ணும். கவுன்ட் எண்களை மட்டும் எண்ணும். ரெண்டும் வேற வேற விடை தந்தா, எங்கேயோ டெக்ஸ்ட் இருக்கு.
2. "9,500" கண்ணுக்கு 5 எழுத்து. லென் 6-னு காட்டினா, ஒண்ணு ஒளிஞ்சிருக்கு.
3. =யுனிகோட்(ரைட்(பி2,1)) போட்டா கடைசி எழுத்தோட எண் வரும்.

சுத்தம் செய்வது எப்படி?
ட்ரிம் போதாது, அது சாதாரண ஸ்பேஸை மட்டும்தான் நீக்கும். க்ளீன் ஃபார்முலாவும் 160-ஐத் தொடாது. அதனால பக்கத்து செல்ல இப்படிப் போடுங்க (ஃபார்முலா பெயரை ஆங்கிலத்துல டைப் பண்ணணும்):

=வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(பி2,யுனிகேர்(160),""))

யுனிகோட் 8203-னு காட்டியிருந்தா, 160 இடத்துல அதைப் போடுங்க. பழைய தொகையை உடனே அழிக்காதீங்க. புது மொத்தத்தை ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மாத்துங்க.

இதே லென் சோதனை பான், ஐஎஃப்எஸ்சி-க்கும் உதவும். பான்-ல 10 எழுத்து, ஐஎஃப்எஸ்சி-ல 11. கூடுதலா காட்டினா, பேஸ்ட் பண்ணாம கையால டைப் பண்ணிடுங்க.

உங்க ஷீட்ல கவுன்ட், கவுன்ட்-ஏ ரெண்டும் ஒத்துப் போகுதா? இன்னைக்கே போட்டுப் பார்த்துட்டு கமென்ட்ல சொல்லுங்க!