இலுப்பையும் எங்கபாங்கும்: திண்மத் தாவரக் கொழுப்புகளின் பெயர்வழக்கு குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

சவர்க்காரத்திற்கும் மெழுகுவர்த்திக்கும் மூலப்பொருளாகும் திண்மத் தாவரக் கொழுப்புகளுள் ஒன்று, உலகச் சந்தையில் 'இல்லிப்பே' என வழங்குகின்றது. தமிழின் 'இலுப்பை', அதன் இனமொழிச் சொல்லாகிய மலையாள 'இலுப்ப' ஆகியவற்றிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற சொல் இது. ஆயினும், இன்று இப்பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் இலுப்பை மரத்தின் கொழுப்பன்று; போர்னியோக் காடுகளில் வளரும் வேறொரு குடும்பத்து மரத்தின் விதைக் கொழுப்பாகும். கடல் கடந்த சொல், பொருள் மாறித் திரும்பி வரும்போது ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் மயங்க நேர்கின்றது. இம்மயக்கம் எவ்வாறு தோன்றியது என்பதையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் வாழ்வில் இலுப்பை

இலுப்பையின் பழைய வடிவம் 'இருப்பை' என்பதாகும். இதன் பூவைக் கரடிகள் விரும்பி உண்பதனை அகநானூற்றுப் புலவர்கள் பாடியுள்ளனர். 'ஆலையில்லா ஊரில் இலுப்பைப்பூச் சர்க்கரை' என்னும் பழமொழி அப்பூவின் இனிமையை இன்றளவும் நினைவூட்டுகின்றது. இலுப்பைப்பட்டு என்னும் ஊரின் கோயிலில் இதுவே தலமரமாகும்.

இம்மரத்தின் விதையிலிருந்து ஆட்டியெடுக்கப்படும் எண்ணெய், கோயில் விளக்குகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. எஞ்சும் புண்ணாக்கும் வீணாவதில்லை. அதில் உள்ள சப்போனின் என்னும் பொருள் நீரில் நுரைக்கும் இயல்புடையது. ஆதலால், புண்ணாக்கைப் பொடித்துத் தலை தேய்த்துக் குளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒரே விதை விளக்குக்கு எண்ணெயும் உடல் தூய்மைக்கு நுரையும் தந்தது எனலாம்.

பெயர் கடல் கடந்தமை

1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவரும் தாவரவியலாளருமான யோகான் கெர்ஹார்டு கோனிக், லின்னேயசின் மாணவர் ஆவார். அவர்வழி இம்மரம் பற்றிய விளக்கம் லின்னேயசை எட்டியது. 1771இல் 'பாசியா லாங்கிபோலியா' என்னும் அறிவியற்பெயர் வெளியிடப்பட்டது. இன்று வழங்கும் பெயர் 'மதூகா லாங்கிபோலியா' என்பதாகும். பிற்காலத் தாவரவியலாளர் சிலர் 'இல்லிப்பே' என்பதனையே பேரினப் பெயராகவும் ஆண்டுள்ளனர். வணிகர்களோ அச்சொல்லை மேலும் விரித்து, கீழைநாடுகளிலிருந்து வந்த பல்வேறு கொழுப்பு விதைகளுக்குப் பொதுப்பெயராக வழங்கலாயினர்.

திண்மத்தின் காரணம்

எண்ணெயும் கொழுப்பும் வேதியியல் நோக்கில் ஒரே வகைப் பொருள்களே. கிளிசரினுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த மூலக்கூறுகளே இரண்டிலும் உள்ளன. அவ்வமிலங்கள் எவை என்பதைப் பொறுத்தே உருகுநிலை அமைகின்றது. ஸ்டியரிக் அமிலம் ஏறத்தாழ 69 பாகை செல்சியசிலும், பால்மிட்டிக் அமிலம் 63 பாகையிலும் உருகும். ஒலியிக் அமிலமோ 13 பாகையளவிலேயே உருகிவிடும். முன்னைய இரண்டும் மிகுந்தால் கொழுப்பு திண்மமாகும். பின்னையது மிகுந்தால் நெகிழும்.

இலுப்பைக் கொழுப்பில் ஒலியிக் அமிலமே மிகுதி. அது ஏறத்தாழ 23 முதல் 31 பாகைக்குள் உருகுகின்றது. ஆதலின், தமிழகத்து வெயிலில் எண்ணெயாக ஓடும் அதே பொருள், இலண்டன் குளிரில் வெண்ணெய் போல் உறைந்து நிற்கும். தமிழர் அதனை எண்ணெய் என்றதும், ஆங்கிலேயர் வெண்ணெய் என்றதும் தட்பவெப்பத்தின் விளைவே; இரு வழக்குகளும் பிழையல்ல.

கொழுப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்துடன் வினைப்படுத்தினால் சவர்க்காரமும் கிளிசரினும் கிடைக்கும். ஸ்டியரிக், பால்மிட்டிக் அமிலங்கள் சவர்க்காரக் கட்டிக்கு உறுதியளிக்கின்றன. தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் நுரையளிக்கின்றது. ஆகவேதான் சவர்க்காரம் செய்வோர் இருவகைக் கொழுப்புகளையும் கலக்கின்றனர்.

மெழுகுவர்த்தியின் தேவை வேறு. கொழுப்பை அப்படியே வார்த்தால் வர்த்தி நெகிழும். எரியும்போது கிளிசரின் சிதைந்து கண்ணைக் கரிக்கும் புகையை எழுப்பும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் கொழுப்புகளின் அமைப்பை ஆராய்ந்து 1823இல் நூலொன்றை வெளியிட்டார். 1825இல் கே-லுசாக்குடன் இணைந்து, கொழுப்பு அமிலங்களைப் பிரித்து மெழுகுவர்த்தி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதன்பின் திண்மத் தாவரக் கொழுப்புகளின் மதிப்பு உயர்ந்தது.

போர்னியோவின் எங்கபாங்

சரவாக்கில் எங்கபாங் என்றும் கலிமந்தானில் தெங்காவாங் என்றும் வழங்கும் மரங்கள், மெராந்தி இனத்தைச் சார்ந்தவை. ஷோரியா மேக்ரோபில்லா, ஷோரியா ஸ்டெனாப்டெரா ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒருங்கே பூத்துக் காய்க்கும். சிறகுடைய கொட்டைகள் ஆற்றங்கரைகளில் உதிரும். விரைவில் முளைத்துவிடும் தன்மையுடையவை ஆதலால், அவற்றை உடனே பொறுக்கி உலர்த்தல் வேண்டும்.

இபான் முதலிய மக்கள் இக்கொழுப்பைப் பிழிந்து மூங்கிற் குழாய்களில் உறையவைத்து, சூடான சோற்றில் இட்டு உண்பர். 19ஆம் நூற்றாண்டில் இது மெழுகுவர்த்தி, சவர்க்காரத் தொழில்களுக்காக ஐரோப்பாவிற்கும் சென்றது. இதில் ஸ்டியரிக் அமிலம் ஏறத்தாழ 45 விழுக்காடு உள்ளது. உருகுநிலை 34 பாகைக்கு மேற்பட்டது. எனவே, இலுப்பையைப் போலன்றி இது நம் நாட்டு வெப்பத்திலும் பெரும்பாலும் திண்மமாகவே இருக்கும். கொக்கோ வெண்ணெயை ஒத்த இயல்பினால் பின்னர்ச் சாக்லெட்டுத் தொழிலிலும் இடம்பெற்றது.

சொல்லும் பொருளும்

ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சாக்லெட்டு நெறியாணை, கொக்கோ வெண்ணெயோடு சேர்க்கத்தக்க ஆறு தாவரக் கொழுப்புகளைப் பட்டியலிடுகின்றது. அதில் 'இல்லிப்பே' என்பதும் 'தெங்காவாங்' என்பதும் ஒரே பொருளுக்குரிய பெயர்களாக ஷோரியா இனத்தைக் குறிக்கின்றன. ஆக, தமிழ்ச் சொல் சட்ட வழக்கிலேயே இலுப்பையை விட்டு நீங்கிவிட்டது.

இதனை அறியாது, சவர்க்கார உறையிலோ அழகுப்பொருள் விளக்கத்திலோ காணும் 'இல்லிப்பே' என்பதனை 'இலுப்பை வெண்ணெய்' எனப் பெயர்த்தால் இரு பிழைகள் நேரும். ஒன்று, பொருட்பிழை, வேறு குடும்ப மரத்தின் கொழுப்புக்கு இலுப்பையின் இயல்புகள் ஏற்றப்படும். மற்றொன்று, வரலாற்றுப்பிழை, அம்மரத்தை அறிந்து பேணிய போர்னியோ மக்களின் பெயரும் அறிவும் மறைக்கப்படும்.

எனவே, மதூகா விதையிலிருந்து பெறுவதனை 'இலுப்பை எண்ணெய்' என்றும், ஷோரியா விதையிலிருந்து பெறுவதனை 'எங்கபாங் கொழுப்பு' என்றும் வழங்குதல் தகும். மூலத்தில் 'இல்லிப்பே' என்று மட்டும் இருப்பின், உடன்வரும் அறிவியற்பெயரைக் கண்டே தமிழ்ப்பெயரைத் தெரிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

தமிழ்ச் சொல்லொன்று உலக வணிகத்தில் நிலைபெற்றது பெருமைக்குரியதே. எனினும், சொல் நம்முடையது என்பதனால் அது குறிக்கும் பொருளும் நம்முடையதாகிவிடாது. இவ்வேறுபாட்டை வகுப்பறையில் எடுத்துரைப்பதற்கு ஓர் இலுப்பை விதையும் ஓர் எங்கபாங் கொட்டையும் போதுமானவை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் மாணவர், பெயரைக் கொண்டு பொருளை முடிவு செய்யலாகாது என்பதனை எளிதில் உணர்வர்.