வீடு கைமாறினால் குடியிருப்பவர் தெருவுக்கா?

"வீட்டை வித்துட்டாங்க. வாங்கினவரு ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்றாரு." கிராமத்துக் கடைத்தெருவில் ஐந்து ஆண்டுகளாக மாத வாடகைக்கு இருந்த குடும்பம் இப்படிச் சொல்லி நம்மிடம் வந்தது. ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை. வாங்கியவர் முதலில் கேட்டது, "நீங்க எந்தத் தெரு?" என்பதைத்தான். மகளுக்கோ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. சேரியிலிருந்து வந்தவர்களுக்கு நான்கு நாளில் வேறு வீடு யார் தருவார்கள்?

வீடு விற்கப்பட்டதாலேயே குடியிருப்பு முடிந்துவிடாது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். அவருடைய உரிமையோடு கடமையும் சேர்ந்தே வருகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகையை முடிக்க, 106ஆம் பிரிவுப்படி கையெழுத்திட்ட எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். 15 நாள் அவகாசம் வேண்டும். அதன் பிறகும் காலி செய்யாவிட்டால் நீதிமன்றம்தான் வழி. பூட்டுப் போடுவதும் சாமான்களை வெளியே வீசுவதும் வழியல்ல. அப்படி வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். நகர்ப்புறங்களுக்கு 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தனியே உண்டு. அதில் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம்.

பட்டியலினத்தவர் அல்லாத ஒருவர், பட்டியலினக் குடும்பத்தைக் கட்டாயப்படுத்தி வீட்டைவிட்டு வெளியேறச் செய்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம். முறையான நோட்டீஸ் வேறு, மிரட்டல் வேறு.

அந்த உரிமையாளரிடம் போய் இதையெல்லாம் சொன்னோம். தேர்வு முடியும்வரை இருக்கச் சம்மதித்தார். பிறகு குடும்பம் காலி செய்தது. வென்றோம் என்று சொல்ல மாட்டோம். சட்டம் தந்தது அவகாசம்தான், வீடு அல்ல. ஆனால் அந்த அவகாசத்தில் ஒரு பிள்ளை தேர்வு எழுதி முடித்தாள்.

வாடகைக்கு இருப்போர் மாதாமாதம் ரசீது கேளுங்கள். இல்லையேல் வங்கி வழியாகக் கட்டுங்கள். வீடு விற்கப்படுவது தெரிந்ததும், அட்வான்ஸைத் திருப்பித் தருவது யார் என்பதை எழுதி வாங்குங்கள். பட்டியலினத்தவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம். வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி எண் 15100.

நம் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், நாளை வீடு வாங்குவார்கள். அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தால், அவர்களுக்கும் அந்த 15 நாள் உண்டு. "எந்தத் தெரு?" என்ற கேள்வி மட்டும் அங்கே எழக் கூடாது.