ஏழாவது பாட்டு

அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. நாள் முழுக்கக் குச்சி அடுக்கினாலும் அது ஆபீஸ்தான். 1983-இல் ஒரு சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பதிமூன்று பாட்டு எழுதி என் சட்டைப்பையில் திணித்தாள். “பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல இருக்கிற ரெக்கார்டிங் கடையில குடுத்துட்டு வா. அறுபது கேசட். அவன் இஷ்டத்துக்கு வேற பாட்டைப் போட்டுறப் போறான், பாத்துக்க.”

தாளில் பாட்டு வரி ஒன்றுகூடக் கிடையாது. படத்தின் பெயர், பக்கத்தில் பாடியவர் பெயர், அவ்வளவுதான். ‘முள்ளும் மலரும் – ஜேசுதாஸ்’, ‘மூடுபனி – ஜேசுதாஸ்’, ‘ஜானி – ஜென்சி’, ‘நிழல்கள் – தீபன் சக்கரவர்த்தி, உமா ரமணன்’, அதற்குக் கீழேயே ‘நிழல்கள் – ஜானகி’. இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு வளர்ந்த வீடு. படத்தையும் பாடகரையும் சொன்னாலே எங்களுக்குப் பாட்டு ஓட ஆரம்பித்துவிடும். கடைசி வரியில் மட்டும் ஒரு விளக்கம் எழுதியிருந்தாள்: ‘அலைகள் ஓய்வதில்லை – ஜானகி (ஜோடிப் பாட்டு இல்லை, தனி).’

கடைக்காரர் தாளை விரலால் எண்ணினார். “அறுபதுன்னா ஒரு பக்கம் அரை மணி நேரம் தம்பி. பாட்டுக்கு நாலரை நிமிஷம்னு வெச்சாலும் ஆறுதான் தாங்கும். பி சைடுக்கு ஏழு வருதே, ஒண்ணை அடிச்சிரு.” எதை அடிப்பது? அடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அடி வாங்குவது யார்? “முடிஞ்ச வரைக்கும் போடுங்கண்ணே” என்றேன்.

முடிந்த வரைக்கும் போட்டிருந்தார். பி பக்கத்தின் ஏழாவது பாட்டு இரண்டாவது சரணத்துக்குள் நுழையும். ஜானகி ஒரு சொல்லைப் பாதி உச்சரித்திருப்பார். ‘டக்’கென்று பட்டன் மேலே எழும்பிவிடும். அதற்குள் அக்கா கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டிருந்தாள், யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று. ஆக, அந்த வெட்டும் நிரந்தரமாகிவிட்டது.

பிடித்த பாட்டு எது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் சொல்வது அந்த ஏழாவதைத்தான். இளையராஜாவின் ஆகச் சிறந்த பாட்டா என்றால், தெரியாது. சண்டைக்கு வருபவர்களிடம் ‘கவிக்குயி’லில் பாலமுரளிகிருஷ்ணா பாடியதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். இது வேறு கணக்கு.

‘அலைகள் ஓய்வதில்லை’ எங்கள் ஊருக்கு இரண்டாவது சுற்று வந்தபோது தரை டிக்கெட்டில் போய் உட்கார்ந்தேன். கார்த்திக், ராதா, கடற்கரை, எல்லாம் வந்தது. என் பாட்டு வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு வரும் என்று காத்திருந்து, ‘வணக்கம்’ போட்டதும் ஆபரேட்டரைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். சீக்கிரம் வீட்டுக்குப் போக ரீலை வெட்டிவிட்டான் என்பது என் முடிவு. அப்படி வெட்டுவதும் அன்றைக்கு நடக்காத காரியமல்ல. ‘நிழல்க’ளுக்கும் இதே கதை, அதில் ஜானகியின் தனிப்பாட்டுக்காக உட்கார்ந்திருந்து ஏமாந்தேன்.

இரண்டு பாட்டுமே படத்தில் கிடையாது என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. காலையைப் பற்றிய அந்த ஜானகி பாட்டு மகேந்திரனின் ‘மருதாணி’ என்ற படத்துக்காக உருவானது. அந்தப் படம் நின்றுபோனது. பாட்டு மட்டும் ‘அலைகள் ஓய்வதில்லை’ இசைத்தட்டில் ஏறிக்கொண்டது. திரையில் அதற்கு முகமே இல்லை.

அதனால்தான் அது எனக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். ‘மௌன ராக’த்தின் பாட்டைக் கேட்டால் ரேவதியும் மோகனும் வந்து நின்றுவிடுகிறார்கள், நான் ஓரமாக நின்று பார்ப்பவன்தான். இந்தப் பாட்டில் யாரும் வந்து நிற்கவில்லை. காலை ஆறரை மணி, அடி பம்பில் தண்ணீர் அடிக்கும் சத்தம், தூக்குவாளியில் கம்மஞ்சோற்றை அமுக்கி மூடும் அக்கா, அவள் நகக்கண்ணில் கழுவியும் போகாத மருந்துச் சிவப்பு. நான் கேட்டு இந்தப் படம் ஓடவில்லை. காலியாகக் கிடந்த இடத்தில் தானாக வந்து குடியேறிவிட்டது.

2009-இல் அமிதாப் நடித்த இந்திப் படமான ‘பா’வில் அந்த மெட்டு மறுபடி வந்தது. 2014-இல் ‘மேகா’ படத்தில் வேறு குரலில் பாட்டே வந்தது; காட்சியோடு. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன். நம் வீட்டுத் திண்ணையில் யாரோ பாய் விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்தது மாதிரி இருந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை, திண்ணைதான் என் பெயரில் இல்லை.

கேசட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. வரிசை. ஜென்சி பாடி முடித்ததும் ஒரு மூச்சு இடைவெளி விட்டு உமா ரமணன் வந்தாக வேண்டும். போனில் கேட்கும்போது ஜென்சிக்குப் பிறகு வேறு யாராவது வந்தால் படியில் கால் வழுக்கியது போல ஒரு கணம் தடுமாறிப்போகிறேன். உமா ரமணன் 2024-இல் மறைந்த செய்தியைப் படித்த அன்றும் முதலில் ஜென்சியைப் போட்டுவிட்டுத்தான் அவரைக் கேட்டேன். கிறுக்குத்தனம்தான்.

கேசட் இப்போது இல்லை. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி, ஒட்டுப்போட்டு, ஒருநாள் டேப் முழுக்க டெக்கின் வாய்க்குள் சிக்கிக் கசங்கிப்போனது.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தாள். போனில் அந்தப் பாட்டைப் போட்டு, கீரைக் காம்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். தலை நிமிரவில்லை, ஆனால் பல்லவியிலிருந்து கூடவே முனகத் தொடங்கிவிட்டாள். முதல் சரணம், நடுவில் வரும் இசைகூட, ஒரு இழை பிசகவில்லை. இரண்டாவது சரணம் தொடங்கியது. ஜானகி அந்தப் பாதிச் சொல்லுக்கு வந்தார், அதைத் தாண்டியும் போனார். அக்காவின் முனகல் மட்டும் சரியாக அங்கே நின்றது.

“ரேடியோவுல முழுசாக் கேட்டிருப்பியேக்கா?”

“கேட்டிருப்பேன்” என்றாள். “இதுக்கு மேல எனக்கு வரமாட்டேங்குதுடா.”

மீதிப் பாட்டைப் புதுப்பாட்டு கேட்பது போலக் கேட்டுக்கொண்டே கீரையை உருவ ஆரம்பித்தாள்.