பட்டை உரித்தவர்களே பாதை காட்டுகிறார்கள்... தேக்கடி காட்டுக்குள் ஒரு நாள் நடை!

தேக்கடி என்றாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது படகு சவாரிதான். குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்குவோம். ஏரியில் ஒன்றரை மணி நேரம் சுற்றுவோம். கரையில் யானை தெரிந்தால் போட்டோ எடுப்போம். ஏலக்காயும் மிளகும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவோம்.

அதே காட்டுக்குள் நடந்து போகவும் வழி இருக்கிறது. கேரள வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியின் துணையோடு, ஒரு பகல் முழுக்க நடக்கலாம். அந்த வழிகாட்டிகள் யார் என்பதுதான் இதில் சுவாரஸ்யமே!

அன்று கடத்தல்... இன்று காவல்!

925 சதுர கி.மீ. பரப்புள்ளது பெரியாறு புலிகள் காப்பகம். இதன் மையப்பகுதி 1982-ல் தேசியப் பூங்கா ஆனது. 1990-கள் வரை இங்கே வயணப்பட்டைக் கடத்தல் பெரிய தலைவலி. வயணம் என்பது காட்டு இலவங்க மரம். பட்டையை உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். உரிக்கப் போனவர்கள் நாள்கணக்கில் காட்டிலேயே தங்கி, விலங்குகளையும் வேட்டையாடினார்கள். வழக்குகள் குவிந்தன, கடத்தல் நிற்கவில்லை.

1996-ல் உலக வங்கி உதவியுடன் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, வனத்துறை வேறு வழியில் யோசித்தது. `கடத்தலை விட்டுவிட்டுக் காட்டைக் காக்க வாருங்கள், வழக்குகளைக் கைவிடுகிறோம்' என்றது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் முன்வந்தார்கள். 1998-ல் சுற்றுலாப் பயணிகளை மலையேற்றம் அழைத்துப்போகும் `டைகர் டிரெய்ல்' இவர்களை வைத்தே தொடங்கியது. எந்த ஒற்றையடிப் பாதை எங்கே போகும், எந்த ஓடையில் எப்போது தண்ணீர் இருக்கும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. கடத்தல்காரர்கள் எந்த வழியாக வருவார்கள் என்பதும்தான்!

பகல் நடைகளில் உடன் வருகிறவர்களில் பலர், மன்னான், பளியர் பழங்குடியினர். பளியர்கள் பேசுவது தமிழ்தான் என்பதால் நமக்கு மொழிப் பிரச்னையும் இல்லை. ஒரு காலத்தில் விளைந்த மிளகை வியாபாரிகளிடம் அடமானம் வைத்துக் கடனில் தவித்த குடும்பங்கள் இவை. வழிகாட்டி வேலையும் திட்டத்தின் உதவியும் அதிலிருந்து மீள உதவின. குமுளிப் பகுதிப் பெண்கள் சேர்ந்து 2002-ல் தொடங்கிய `வசந்த சேனா' குழுவினர், சம்பளம் வாங்காமலே முறைவைத்துக் காட்டில் ரோந்து போகிறார்கள்.

என்னென்ன நடைகள்?

சுமார் மூன்று மணி நேர `நேச்சர் வாக்' வயதானவர்களுக்கும், முதல்முறை போகிறவர்களுக்கும் ஏற்றது. `பார்டர் ஹைக்கிங்' காலையில் தொடங்கி மாலையில் முடியும். தமிழக - கேரள எல்லையை ஒட்டிய மலைமுகடுகளில் நடக்க வேண்டும். பாதி நடை, பாதி மூங்கில் தெப்பம் என்றும் ஒரு முழுநாள் பயணம் உண்டு. முழுநாள் பயணங்களில் துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் கூடவே வருவார்.

ஏரியில் கறுப்பாக நிற்கும் மொட்டை மரங்களைக் கவனியுங்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது தண்ணீரில் மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. இன்று நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு காயவைக்கும் இடம். யானை, காட்டெருமை, மிளா, கருமந்தி, மலை அணில், நீர்நாய் ஆகியவற்றைப் பார்க்க வாய்ப்பு அதிகம். தலைக்கு மேல் `புஸ்... புஸ்...' என்று சிறகுச் சத்தம் கேட்டால் அது இருவாச்சி.

புலி? அது கண்ணில் படுவது அபூர்வம். கால்தடமும், மரத்தில் நகக்கீறலும் பார்த்தாலே அதிர்ஷ்டம்தான்.

விதி எதற்கு?

வழிகாட்டி கையை உயர்த்தினால் நின்றுவிட வேண்டும். அவரை முந்தக் கூடாது. செல்ஃபிக்காக விலகிப் போகவும் கூடாது. யானை நமக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். நம்முடைய ஆர்வக்கோளாறு, குழுவில் எல்லோரையும் ஆபத்தில் தள்ளிவிடும்.

இதே ஏரியில் 2009 செப்டம்பர் 30-ம் தேதி சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மறக்க முடியாது. விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதைப் பற்றியும் அப்போது செய்திகள் வந்தன. படகோ, நடையோ, சொன்ன இடத்தில் சொன்னபடி இருப்பதுதான் பாதுகாப்பு.

கிளம்பும் முன்...

* பச்சை, பழுப்பு நிற உடைகள் நல்லது. வெள்ளை, பளிச் நிறங்களும் சென்ட்டும் வேண்டாம்.

* மழைக்காலத்தில் அட்டைப்பூச்சிகள் அதிகம். முழங்கால் வரை மறைக்கும் அட்டை சாக்ஸ் அவசியம்.

* மார்ச், ஏப்ரலில் தண்ணீர் தேடி விலங்குகள் ஏரிக்கரைக்கு வரும். பார்க்க ஏற்ற மாதங்கள்.

* ஒரு குழுவுக்குச் சிலரைத்தான் அனுமதிப்பார்கள். கட்டணம், வயது வரம்பை வனத்துறை இணையதளத்தில் பார்த்து முன்பதிவு செய்துவிடுங்கள்.

* கொண்டுபோன பிளாஸ்டிக்கை மறக்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஊருக்கு வந்ததும், ``புலியைப் பார்த்தீங்களா?'' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலும் ``இல்லை'' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால், ஒரு காலத்தில் பட்டைக்காக மரங்களைத் தேடிப்போனவர்கள், இன்று அதே மரங்களைக் காவல் காக்கிறார்கள் என்ற கதையைச் சொல்லலாம். நீங்கள் கட்டும் கட்டணத்தில்தான் அந்தக் காவல் தொடர்கிறது!