மிக்சரும் கணிப்பொறியும்

நம் சங்கத்தில் பாடியோர் சிலர் ஆண்டுதோறும் படிப்பை முடித்துப் பிரிகின்றனர். அவர்கள் குரலாவது நம்மிடம் தங்க வேண்டாமா? ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றிருப்பவன் என்ற முறையில் நான் அறிந்ததைக் கூறுகிறேன்.

யு.எஸ்.பி. மிக்சரைக் கணிப்பொறியுடன் இணைக்க ஒரே கம்பி போதும். இணைத்ததும், ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ஒலி உள்ளீடாக மிக்சரையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல், கணிப்பொறியிலுள்ள மைக் அறையின் இரைச்சலைப் பதிவு செய்துகொண்டிருக்கும். கண்டென்சர் மைக்காயின் 48 வோல்ட் பொத்தானையும் அழுத்த வேண்டும்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். சிறிய மிக்சர்களில் பெரும்பாலானவை, எத்தனை மைக் இருந்தாலும், இடம், வலம் என இரண்டே தடங்களைத்தான் கணிப்பொறிக்கு அனுப்பும். பாட்டும் மிருதங்கமும் கலந்துவிட்டால் பிரிப்பது அரிது. ஆகவே, பாடகரின் பான் குமிழை முழுவதும் இடப்புறமும், மிருதங்கத்தின் குமிழை முழுவதும் வலப்புறமும் திருப்பி, ஸ்டீரியோவாகப் பதியுங்கள். மைக்குகள் சற்று விலகியிருந்தால் இரண்டும் ஏறக்குறையத் தனித்தனியே கிடைக்கும். அளவைப் பின்னர் சரிசெய்யலாம்.

உரத்துப் பாடும்போதும் மென்பொருளின் மானி −12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். 0-வை மீறினால் ஒலி சிதையும். தாழ்ந்த ஒலியைப் பிறகு உயர்த்தலாம். சிதைந்ததை முழுமையாக மீட்க இயலாது.

பொங்கல் விழாவுக்கு முன் விரும்புவோர் வாருங்கள். கருவியை வைத்தே காட்டுகிறேன்.