ஷூவில் ஆணி இருக்கலாம்... காலில் வரக்கூடாது!

'செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா?' என்று ஒரு பழமொழி உண்டு. ஓட்டப் பந்தயத்தில் ஓடும் பிள்ளைக்கு 'ஸ்பைக்ஸ்' ஷூ வாங்கும்போது நம்மில் பல பேர் அதைத்தான் செய்கிறோம்.

மரக்காணம் உப்பளப் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்களேன். குறுவட்டப் போட்டியில் பிள்ளை முதலாவதாக வந்துவிட்டால், "சார் ஸ்பைக்ஸ் வாங்கச் சொல்றாரு" என்று வீட்டில் வந்து நிற்கும். உப்பளக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்க வேண்டிய பொருள். ஐப்பசி மழை பிடித்தால் அந்த வேலையும் நின்றுபோகும். அதனால், "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெரிசா எடுத்தா மூணு வருஷம் வரும்" என்று அப்பா கணக்குப் போடுவார். பள்ளிக்கூடச் சட்டைக்கு அந்தக் கணக்கு சரி. ஸ்பைக்ஸுக்கு அது ஆபத்து!

ஏன் தெரியுமா? ஆணிகள் இருப்பது முன்பாதத்தின் அடியில். விரல்கள் தரையை உந்தித் தள்ளும் இடத்துக்கு நேராக அவை அமைய வேண்டும். ஷூ பெரிதாக இருந்தால் ஆணி தரையைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் உள்ளே வழுக்கும். கணுக்கால் பிசகும், பெருவிரல் நகம் இடிபட்டுக் கறுக்கும். இறுக்கமாக இருந்தாலோ கொப்புளம், நாளடைவில் கால் ஆணி.

அளவு எடுப்பது எப்படி?

சாயங்காலம் அளவெடுங்கள். நாள் முழுக்க நடந்த கால் அப்போது சற்று உப்பியிருக்கும். காகிதத்தின் மேல் பிள்ளையை நிற்க வைத்து இரண்டு பாதங்களையும் வரையுங்கள். பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் ஷூ. மாட்டி நாடா கட்டியதும் விரல்கள் மடங்காமல் நுனியை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். குதிகால் தூக்கினால் ஷூவும் கூடவே வர வேண்டும்.

ஜல்பைகுரியைச் சேர்ந்த ஸ்வப்னா பர்மனை நினைவிருக்கிறதா? 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஹெப்டத்லானில் தங்கம் வென்றவர். அவருக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். கடையில் விற்கிற ஷூ எதுவும் பொருந்தாமல் வலியோடுதான் போட்டிகளில் ஓடினார். தங்கம் வாங்கிய பிறகுதான் அவர் காலுக்கென்றே ஷூ செய்து தரப்பட்டது. அகலப் பாதம் உள்ள பிள்ளைக்கு நீளத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

எந்தப் போட்டிக்கு எந்த ஷூ?

100, 200, 400 மீட்டருக்கு அடித்தட்டு விறைப்பாக இருக்கும். குதிகாலில் மெத்தை இருக்காது. 800, 1500 மீட்டருக்குச் சற்று வளைந்து கொடுக்கும். நெடுந்தூரத்துக்குக் குதிகாலில் மெத்தையும் குறைந்த ஆணிகளும் நல்லது. உயரம் தாண்டுதல், ஈட்டி எறிதலுக்குக் குதிகாலிலும் ஆணி உண்டு. குண்டு, தட்டு எறிகிறவர்களுக்கு ஆணியே கிடையாது. சிமெண்ட் வட்டத்தில் சுழல வழுவழுப்பான அடிதான் வேண்டும்.

ஆணியின் நீளத்துக்கும் விதி இருக்கிறது. செயற்கை ஓடுதளத்தில் 9 மி.மீ.க்கு மேல் கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் 12 மி.மீ. வரை போகலாம். ஒரு ஷூவில் 11 ஆணிகள்தான் உச்சம். பெரும்பாலான செயற்கைத் தளங்களுக்கு 6 மி.மீ. ஆணியே போதும். நம்ம ஊர் மண் மைதானத்தில் அது பிடிக்காது; 9 அல்லது 12 மி.மீ. தேவைப்படும். பயிற்சி மண்ணில், மாநிலப் போட்டி சென்னை நேரு ஸ்டேடியம் மாதிரி செயற்கைத் தளத்தில் என்றால் என்ன செய்வது? இரண்டு ஜோடி ஷூ வேண்டாம். ஆணியைக் கழற்றி மாற்றும் ரகமாகப் பார்த்து ஒரே ஜோடி வாங்குங்கள். ஆணிகள் மட்டும் இரண்டு அளவில் இருக்கட்டும்.

உப்புக் காற்று ஆணியை விடுமா? துருப்பிடித்து அப்படியே இறுகிவிடும். பயிற்சி முடிந்ததும் மண்ணைத் தட்டி, அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வாரம் ஒருமுறை ஆணியைக் கழற்றி, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி முடுக்குங்கள்.

அவசரப்படாதீர்கள்

மதுரை ரேவதி வீரமணி கல்லூரிப் போட்டிகளில்கூட வெறுங்காலோடு ஓடியவர். பிறகு பயிற்சியாளர் கண்ணன் உதவியோடு ஷூ போட்டு ஓடிப் பழகி, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார். ஆகவே ஷூ இல்லையே என்று பிள்ளை குமைய வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு வயசுக்கு ஸ்பைக்ஸ் தேவையும் இல்லை. அந்த வயதில் குதிகால் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். மெத்தை இல்லாத ஷூ அங்கே வலியைக் கிளப்பிவிடும்.

புது ஸ்பைக்ஸை முதலில் வாரம் இரண்டு நாள், கால் மணி நேரம் போட்டால் போதும். கெண்டைக்கால் தசையும் குதிநாணும் பழக வேண்டாமா? போட்டியன்று புது ஷூவைப் போடவே கூடாது. அடுத்தவர் போட்ட ஷூவை வாங்குவதிலும் தப்பில்லை. அளவு சரியாக இருக்கிறதா, அடித்தட்டில் விரிசல் இல்லையா, மரை தேயவில்லையா என்று மட்டும் பாருங்கள்.

ராத்திரியில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கால் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடையுங்கள். உப்புத் தண்ணீரில் நின்று குதிகால் வெடித்திருந்தால் விளக்கெண்ணெய் தடவலாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

இரண்டு விஷயத்தில் கைவைத்தியம் கூடவே கூடாது. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன். ஒன்று, ஆணி குத்திய காயம். வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள், டி.டி. ஊசி தேவையா என்று அவர்கள் சொல்வார்கள். இன்னொன்று, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று வலிப்பது. அது எலும்பில் கீறல் விழுந்ததாக இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவாதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலியை மறைத்து ஓடுகிற பிள்ளைகள் நிறைய; ஷூ வாங்கக் கஷ்டப்பட்ட அப்பாவிடம் அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அதனால் வாரம் ஒருமுறை நீங்களே அந்தக் காலை மடியில் வைத்துப் பாருங்கள்.